திறன் போதவில்லையா, வேலை போதவில்லையா?

நாட்டின் மிகப்பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டிசிஎஸ், தனது ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றப் போவதாக 2025 ஜூலை இறுதியில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவால் உற்பத்தித்திறன் பெருகியதுதான் இதற்குக் காரணமா என்ற கேள்வியை நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கே.கிருத்திவாசன் மறுத்தார். திறன் பொருத்தமின்மையும், சிலரை உரிய பணியில் அமர்த்த முடியாத நிலையுமே காரணம் என்றார். வெளியேற்றப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலைகளில் பணியாற்றுபவர்கள். பத்தாண்டு, பதினைந்தாண்டு அதே நிறுவனத்தின் திட்டங்களில் உழைத்து, அதன் இலாபத்தைப் பெருக்கித் தந்தவர்களிடம் ஒரு காலாண்டில் திறன் இல்லாமற் போய்விட்டது!

அதே ஆண்டு பிப்ரவரியில், இன்போசிஸ் நிறுவனத்தின் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட இளம் பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். மூன்று முறை வாய்ப்பளித்தும் உள் மதிப்பீட்டுத் தேர்வில் அவர்கள் தேறவில்லை என்றும், இந்த நடைமுறை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருவதே என்றும் நிறுவனம் விளக்கம் கூறியது. வெளியேற்றப்பட்டோரின் எண்ணிக்கை இதைவிடப் பெரிது என்பது ஊழியர் அமைப்பின் குற்றச்சாட்டு. அவர்களில் பலர் 2022ஆம் ஆண்டே பணி ஆணை பெற்று, இரண்டு ஆண்டுகள் வாசலில் காத்திருந்து, 2024இன் பிற்பகுதியில்தான் உள்ளே அனுமதிக்கப்பட்டவர்கள். காத்திருந்த இரண்டு ஆண்டுகளுக்கு நிறுவனம் எந்தத் தேர்வையும் எழுதவில்லை.

மூத்தவர்களிடம் திறன் பழையதாகிவிட்டது, இளையவர்களிடம் இன்னும் முளைக்கவில்லை என்று இவ்விரு நிகழ்வுகளிலும் சொல்லப்பட்டது. இதே வாதம்தான் ஒன்றிய அரசின் ஆவணங்களிலும் ஒலிக்கிறது. கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர்களில் 51.25 சதவீதத்தினர் மட்டுமே பணிக்குத் தகுதியானவர்கள் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கூறியது. 2005ஆம் ஆண்டு நாஸ்காமும் மெக்கின்சியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் பணிக்கு உகந்தவர் என்றது. சதவீதம் மாறியிருக்கிறது, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் மட்டும் மாறவில்லை.

திறன் இடைவெளி என்பதே முதலாளிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. பெங்களூருவில் வேலை தேடி அலையும் எந்த இளைஞரைக் கேட்டாலும் அது எத்தனை உண்மை என்பது விளங்கும். இடைவெளி இருக்கிறது. அது எப்படி உருவாயிற்று, யார் உருவாக்கினார்கள், அதை நிரப்பும் செலவு யார் தலையில் விழுகிறது என்பவைதாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இந்த நகரத்திற்கு வேறொரு வரலாறு உண்டு. 1940இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் இந்திய தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்எம்டி, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் எனப் பெரிய ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தபோது, கடைசல் இயந்திரத்தையோ மின்னணுக் கருவியையோ முன்பின் பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள்தாம் அவற்றின் வாசலில் வந்து நின்றனர். 'உங்களிடம் திறன் இல்லை' என்று அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆலைகளே தம் செலவில் பயிற்சிப் பள்ளிகளை நடத்தின. உதவித்தொகையோடு பயின்றவர், பயின்ற இயந்திரத்தின் முன்னேயே நிரந்தரத் தொழிலாளியாக நின்றார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் பேசிய அந்தத் தலைமுறைதான் 1980-81இல் 77 நாட்கள் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தத்தை நடத்தியது. பயிற்சியும் பணிப் பாதுகாப்பும் கைகோத்திருந்ததால்தான் உரிமைக்குரல் எழுப்பும் துணிவும் வந்தது. (தாராளமயத்தின் ஆதரவாளர்கள் பொதுத்துறைப் பயிற்சிப் பள்ளிகளை நினைவுகூர விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

டென்மார்க் நாட்டின் உதவியோடு 1972இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அரசு கருவியறை மற்றும் பயிற்சி மையம் இன்றும் இயங்குகிறது. அங்கே மாணவர் வெறும் மாதிரிப் பொருளைச் செய்து பழகுவதில்லை. தொழிற்சாலைகள் உண்மையில் கேட்கும் அச்சுகளையும் கருவிகளையும் உருவாக்கும் பணியினூடாகவே பயில்கிறார். பாடத்திற்கும் பணிக்கும் இடையே எவரும் பாலம் கட்டவேண்டிய தேவை அங்கே எழவில்லை. பயிற்சியையும் வேலையையும் பொருத்துவது எப்படி என்று ஆராயக் குழு மேல் குழு அமைக்கும் ஆட்சியாளர்கள், தங்கள் கண் முன்னேயே அரை நூற்றாண்டாக நிற்கும் இந்த எடுத்துக்காட்டைக் கணினித் துறைக்கு விரிவுபடுத்த முனையவில்லை.

அதற்கு மாறாக, கணினிப் பயிற்சி தொடக்கம் முதலே சந்தையின் கையில் விடப்பட்டது. எண்பதுகளில் தனியார் கணினிப் பயிற்சி நிறுவனங்கள் நகரந்தோறும் கிளை பரப்பின. தொண்ணூறுகளின் இறுதியில், ஆண்டு 2000 சிக்கலுக்காக அமெரிக்க நிறுவனங்கள் ஆள் தேடியபோது, பழைய கோபால் மொழியைக் கற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் குவித்தன. அந்தத் தேவை முடிந்தது. சான்றிதழ்கள் பெட்டியில் தங்கின. அதன் பிறகு ஜாவா, மென்பொருள் சோதனை, தரவு அறிவியல் என்று பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டே வருகின்றன. இன்றைய பலகையில் செயற்கை நுண்ணறிவு. மாரத்தஹள்ளியிலும் பிடிஎம் லேஅவுட்டிலும் மாடிக்கு மாடி இயங்கும் பயிற்சிக் கூடங்களில், நூறு விழுக்காடு வேலை உறுதி என்ற விளம்பரத்தை நம்பி, சேலத்திலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் பல்லாயிரம் ரூபாயைக் கட்டுகிறார்கள். நான்கைந்து பேர் பங்கிட்டுக்கொள்ளும் விடுதி அறை, இரு வேளை உணவு, மாதக்கணக்கில் நேர்காணல்கள் என்று அவர்களின் நாட்கள் கழிகின்றன. கடைசியில், போலி அனுபவச் சான்றிதழ் ஒன்றை விலைக்கு வாங்கச் சொல்லும் தரகர் வந்து சேர்கிறார். பிடிபட்டால் வழக்கும் அவமானமும் இளைஞருக்கு. சான்றிதழ் விற்றவர் அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை திறந்துகொள்கிறார்.

கோலார் தங்கவயலைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்தை மூடியது. வட ஆர்க்காட்டிலிருந்து சென்று தலைமுறைகளாகப் பூமிக்கடியில் பொன் தோண்டிய தலித் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூருவுக்கு வேலைக்கு வருகின்றனர், இரவில் திரும்புகின்றனர். தமிழ் வழியில் பள்ளி முடித்த பிள்ளைக்குக் கணினி வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது; அலுவலகத்தில் கன்னடமும் ஆங்கிலமும் வேண்டும். அவரிடம் இல்லை எனப்படும் திறன் பெரும்பாலும் நிரல் எழுதும் திறன் அல்ல. நேர்காணல் அறையில் உரிய உச்சரிப்போடு தன்னை விற்றுக்கொள்ளும் திறன். அதை மென்திறன் என்று அழைக்கிறார்கள். சாதியும் வர்க்கமும் சல்லடையாக நிற்கும் இடம் அதுதான்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்பு முடித்தவர் சேரக்கூடிய ஓராண்டுப் படிப்பு, 'கோபா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர் பிரிவு. ஏழை வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், விரும்பிச் சேரும் பிரிவு இது. படிப்பின் பெயரில் நிரலாக்கம் இருக்கிறது. ஆனால் வெளியே வந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நகலகத்தில் தட்டச்சு, கடையில் ரசீது போடுதல், ஒப்பந்ததாரர் வழியாகத் தரவு உள்ளீடு. நகரம் கேட்கும் வேலைகளோ வேறாக இருக்கின்றன. சிறு நிறுவனத்தின் கணக்கு அலுவலகத்தில் ஜிஎஸ்டி படிவத்தைத் தவறின்றி நிரப்பத் தெரிந்தவர் வேண்டும். மருத்துவமனையில் நோயாளர் பதிவையும் காப்பீட்டுக் கோரிக்கையையும் கையாளத் தெரிந்தவர் வேண்டும். வலையமைப்புக் கம்பியை இழுத்து, பழுதைக் கண்டறிந்து சரிசெய்பவர் வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் சிஎன்சி இயந்திரத்தின் நிரலைத் திருத்தவும், வரைபடத்தைப் படிக்கவும், நுண்ணளவு எடுக்கவும் தெரிந்தவருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. விசைப்பலகை முன் மட்டும் அமர்ந்து ஓராண்டைக் கழித்தவர் இவற்றில் எதற்கும் நேராகப் போக முடிவதில்லை. பாடத்திட்டம் தில்லியில் எழுதப்படுகிறது. திருத்தி எழுதப்படும்போது சந்தையில் வேறொன்று வந்துவிடுகிறது. கற்றுத் தரும் பயிற்றுநரோ பல இடங்களில் ஒப்பந்தத்தில், கௌரவ ஊதியத்தில் இருப்பவர். தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

இந்நிலையில் ஆட்சியாளர்கள் கட்டடத்தையும் இயந்திரத்தையும் காட்டிப் பெருமை பேசுகின்றனர். கர்நாடகத்தின் 150 தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருநிறுவனக் கூட்டமைப்புடன் இணைந்து 4,600 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் தொழில்நுட்ப மையங்களாக மாற்றப்பட்டதாக அறிவித்து, 2022 ஜூனில் பிரதமர் மோடி பெங்களூருவில் அவற்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இயந்திர மனிதனும் முப்பரிமாண அச்சுப் பொறியும் வந்திறங்கின. பயின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்த இயந்திரங்களில் வேலை கிடைத்தது என்பது விழா மேடைகளில் பேசப்படும் செய்தியாக இல்லை.

அகில இந்திய அளவில் இதன் இலட்சணத்தை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் தோலுரித்துவிட்டார். 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பயனாளிகளில் 94 சதவீதத்திற்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ, சுழியங்களாகவோ, செல்லாததாகவோ இருந்தது. வெவ்வேறு ஊர்களின் பயிற்சிக்கு ஒரே புகைப்படம் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. சான்றிதழ் பெற்றோரில் சுமார் 41 சதவீதத்தினர் மட்டுமே பணியமர்த்தப்பட்டனர் என்பது அரசின் சொந்தத் தரவு. மேற்கண்ட தரவுகளின் தரத்தைப் பார்த்தால், இந்த 41இல் எத்தனை மெய் என்ற ஐயமும் எழுகிறது. இவையெல்லாம் எதிர்பாராதவை அல்ல. துறைத் திறன் மன்றங்களை ஆராய 2016இல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, இலக்கு எண்ணிக்கையைத் துரத்தும் பயிற்சியால் இளைஞர்களுக்கும் பயனில்லை, தொழிலுக்கும் பயனில்லை, பொதுப்பணம்தான் தனியார் கைக்குப் போகிறது என்று அப்போதே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அடுக்கில் வைக்கப்பட்டது. திட்டம் அடுத்தடுத்த பதிப்புகளாக நீண்டது.

பெருநிறுவனங்களில் ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடிப் பேருக்குப் பணியிடைப் பயிற்சி என்று 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் முழங்கப்பட்ட திட்டமும் இதே வழியில் சென்றது. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையில் 4,500 ரூபாய் அரசின் பணம். முதல் சுற்றில் 80,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டு, உண்மையில் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். சொந்த ஊரை விட்டு வெளியேறி, 5,000 ரூபாயில் பெங்களூருவிலோ சென்னையிலோ ஓர் இளைஞர் எப்படி வாழ்வார் என்பதை நிதியமைச்சகத்தில் எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இப்போது 60,000 கோடி ரூபாயில் 1,000 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தரமுயர்த்தும் 'பிஎம் சேது' திட்டம் வந்திருக்கிறது. இதில் 30,000 கோடி ஒன்றிய அரசும் 20,000 கோடி மாநிலங்களும் தர வேண்டும். தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. ஆறில் ஒரு பங்கு பணம் போடுபவரிடம் நிர்வாகத் தலைமை ஒப்படைக்கப்படுகிறது. என்ன கற்றுத் தருவது என்பதைப் பெருநிறுவனம் தீர்மானிக்கும் போது, தன் ஆலையில் தன் கருவியில் நாளை மறுநாள் அமர்த்தத் தக்க ஒரு கைத்திறனைத்தான் அது கேட்கும். மூன்றாண்டில் அந்தக் கருவி மாறியதும், பயின்றவர் திறன் பொருத்தமின்மைப் பட்டியலுக்குப் போவார். டிசிஎஸ்ஸில் நேர்ந்ததும் இதுவே. கணக்கு, தர்க்கம், மொழி, தரவை ஒழுங்குபடுத்தும் அறிவு, ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை ஆகிய அடிப்படைகளே கருவிகள் மாறினாலும் தொழிலாளியுடன் நிற்பவை. இவை விரைவுப் பயிற்சியில் வருவன அல்ல. நல்ல அரசுப் பள்ளியிலும், முழுநேர ஆசிரியர் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலும் வருபவை.

திறனுக்கு உண்மையிலேயே பஞ்சம் என்றால் அதன் விலை ஏறியிருக்க வேண்டும். முதலாளிகள் நாள்தோறும் ஓதும் சந்தை விதி அதைத்தானே சொல்கிறது? நடந்திருப்பது என்ன? பத்தாண்டுகளுக்கு மேலாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில் புதிதாகச் சேருவோரின் ஆண்டு ஊதியம் 3 முதல் 4 லட்சம் ரூபாய்க்குள் உறைந்து கிடக்கிறது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் ரூபாய்க்கு வாக்களித்த இளைஞர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதிக்கக் கேட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட் அறிவித்த 2.52 லட்சம் நாடெங்கும் எள்ளி நகையாடப்பட்டது. வாடகையும் பேருந்துக் கட்டணமும் இதே காலத்தில் எவ்வளவு ஏறின என்பது பெங்களூருவில் வாழ்பவர்களுக்குத் தெரியும். பஞ்சத்தில் இருக்கும் சரக்கின் விலை இப்படி வீழ்வதில்லை. வேலைக்குத்தான் பஞ்சம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் இளைஞர்களிடையே எழுதப் படிக்கத் தெரியாதோரின் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிகளிடம் 29.1 சதவீதம். கல்வியும் பயிற்சியும் கூடக்கூட வேலையின்மையும் கூடும் ஒரு நாட்டில், இன்னும் ஒரு சான்றிதழ் வாங்கி வா என்று இளைஞரிடம் சொல்வது கொடுமை.

இதில் மாநில அரசின் பொறுப்பும் சிறிதன்று. காங்கிரஸ் அரசு 2024 ஜனவரியில் தொடங்கிய யுவநிதித் திட்டம், வேலையற்ற பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும் பட்டயதாரருக்கு 1,500 ரூபாயும் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்குகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே அரசு, 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைச் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அளிக்கப்பட்ட விலக்கை 2024 ஜூனில் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2019இல் செய்யப்பட்டதும் இதுதான். எவரை எந்த விதிப்படி நீக்கலாம் என்று எழுதிவைக்க வேண்டிய கடமையிலிருந்து முதலாளிகளை விடுவித்துவிட்டு, நீக்கப்பட்டவருக்கு உதவித்தொகை தருவதால் பயன் என்ன? மைசூருவில் நேர்ந்த அநீதியின்போதும், அவர்கள் பயிற்சியாளர்கள்தாம், ஊழியர்கள் அல்லர் என்ற வாதமே நிறுவனத்திற்குக் கேடயமாக நின்றது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ள தொழில் உறவுகள் தொகுப்பு, பழகுநர்ச் சட்டத்தின்கீழ் உள்ளோரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. நிலையாணை கட்டாயமாவதற்கான வரம்பையும் 300 தொழிலாளர்களாக உயர்த்திவிட்டது.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, இரண்டே நாட்களில் நிறுத்திவைத்த உள்ளூர் இடஒதுக்கீட்டு மசோதாவையும் இங்கு நினைவூட்ட வேண்டும். மொழித் தேர்வு வைத்துத் தொழிலாளர்களைக் கூறுபோடும் அதன் பகுதி ஏற்கத்தக்கதன்று. பெங்களூருவை உழைப்பால் கட்டியெழுப்பிய தமிழ், தெலுங்கு, உருது பேசும் மக்களை அது அந்நியராக்கியிருக்கும். ஆனால் தகுதியான உள்ளூர் ஆட்கள் இல்லையென்றால் மூன்று ஆண்டுக்குள் நிறுவனமே அவர்களைப் பயிற்றுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற ஒரு பிரிவும் அதில் இருந்தது. முதலாளிகளின் கூக்குரலுக்கு அஞ்சி அரசு மசோதாவை மடித்து வைத்தபோது, பயிற்றுவிக்கும் கடமை என்ற அந்த நியாயமான கருத்தும் சேர்ந்தே புதைந்தது. மொழிப் பாகுபாடு நீக்கி, அந்தக் கடமையை மட்டும் தனிச் சட்டமாகக் கொண்டுவர மாநில அரசுக்கு என்ன தடை?

கையில் இருக்கும் சட்டங்களையாவது செயல்படுத்தலாம். 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் பழகுநர்ச் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதி. எலக்ட்ரானிக் சிட்டியிலும் வொயிட்ஃபீல்டிலும் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் இந்த விகிதம் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை வெளியிடட்டும். காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டது. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அது ஒழுங்காக நடந்திருந்தால், எந்தத் திறனுக்கு எங்கே எத்தனை இடம் உள்ளது என்ற தெளிவான கணக்கு இன்று அரசிடம் இருந்திருக்கும். கணக்கே இல்லாமல் பயிற்சியைப் பணியோடு எப்படிப் பொருத்துவது? ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த தொழிற்கல்வி முறையில், பாடத்திட்டத்தை வகுக்கும் தேசிய அமைப்பில் முதலாளிகளுக்கு இணையான வாக்கு தொழிற்சங்கங்களுக்கு உண்டு. அதுவும் முதலாளித்துவ நாடுதான். இங்கே தகவல் தொழில்நுட்பத் திறன் மன்றமே நாஸ்காமின் பெயரில் இயங்குகிறது.

நிரந்தரப் பயிற்றுநர் பணியிடங்களை நிரப்புதல், தாய்மொழியில் தொடங்கி ஆங்கிலத்துக்கு இட்டுச்செல்லும் பாடநூல்கள், பயிற்சிக் காலத்தில் குறைந்தபட்ச ஊதியம், பயிற்சி முடிந்தால் பணி ஆணை, தனியார் பயிற்சிக் கூடங்களுக்குப் பதிவும் கட்டண வரம்பும், பொய் வாக்குறுதிக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு, ஆட்குறைப்புக்கு முன் நிறுவனச் செலவில் மறுபயிற்சி ஆகிய கோரிக்கைகள் உடனடியானவை. 2017இல் தோன்றிய கர்நாடக மாநில ஐடி, ஐடிஇஎஸ் ஊழியர் சங்கம், 14 மணி நேர வேலைநாள் முயற்சிக்கும் டிசிஎஸ் ஆட்குறைப்புக்கும் எதிராகக் களத்தில் நின்றுள்ளது. அலுவலகத்திற்குள் இருப்பவர்களின் இந்தப் போராட்டம், வாசலுக்கு வெளியே பயிற்சிக் கட்டணம் கட்டிக்கொண்டு நிற்பவர்களையும் அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கான முதல் வேலை பகுதிகளில் இருந்துதான் தொடங்கும். ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர், தங்கவயல் ஆகிய இடங்களில் உள்ள கிளைகளும் வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகளும், கடந்த மூன்று ஆண்டுகளில் கணினிப் பயிற்சிக்குச் சென்றவர்களை வீடுவீடாகச் சந்தித்து, எங்கே, எவ்வளவு கட்டினார்கள், எந்தச் சான்றிதழ் பெற்றார்கள், என்ன வேலையில் என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு மிச்சம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலோடு தொழிலாளர் ஆணையர் அலுவலகத்திற்கும் திறன் மேம்பாட்டுத் துறைக்கும் செல்லும்போது, அரசின் இணையதளத்தில் சுழியங்களாக நிற்கும் இடங்களில் பெயர்களும் தெருக்களும் தொகைகளும் இருக்கும்.